வடிகுழாயில் நான் மாட்டிய வால்வு

1. சத்தம்

முதல் முறை வென்ட் திறந்தபோது நான் பயந்துபோனேன். இப்போது பாய்லரில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தேயிலை ஃபெக்டரியில் எத்தனையோ வருடம் ஆவியோடு மல்லுக்கட்டியவன்தான் நான். ஆனால் நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டி, விறகு எரித்துக் கரண்ட் எடுக்கும் சின்ன பவர் ஸ்டேஷனில் ஒப்பரேட்டராகச் சேர்ந்த பிறகு கேட்ட சத்தம் வேறு.

மழைக்காற்றில் கரண்டைக் கொண்டுபோகும் வெளி லைன் அடிக்கடி ட்ரிப் ஆகித் துண்டித்துக்கொள்ளும். லைன் போனால் டர்பைன் நின்றுவிடும். அடுப்பு நிற்குமா? விறகு எரிந்துகொண்டே இருக்கும், ஆவி வந்துகொண்டே இருக்கும். அதைக் கூரைக்கு மேலே உள்ள வென்ட் குழாய் வழியாக வெளியே விட வேண்டும். விடாவிட்டால் பாய்லருக்கு ஆபத்து; விட்டால் காது கிழியும்.

சரிவில் எங்களுக்கு நேர் கீழே பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் கைப்பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம். அதைப் பார்த்துக்கொண்டவள் புஷ்பம். மூன்றாவது தடவை வென்ட் திறந்த அன்று, வீறிட்டு அழும் பிள்ளை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கே வந்துவிட்டாள்.

“செல்லையாண்ணே, கரண்டு எடுக்குறீங்களா, புள்ளைங்க உசுர எடுக்குறீங்களா?”

“லைன் ட்ரிப்பும்மா! நான் என்னா செய்ய?” என்று கத்தினேன். பாய்லர் ஹவுஸில் பேசிப் பேசி என் குரலே அப்படி.

“என்கிட்ட கத்தி என்னா ஆகப்போவுது? காம்பராவ மேல் டிவிஷனுக்கு மாத்தப் போறாராம் தொரை. செல்வி அங்க வந்து பால் குடுத்துட்டுப் போக முடியுமா?”

தொரை என்றால் எங்கள் தோட்ட மனேஜர். தோளில் இருந்தது செல்வியின் பிள்ளை, ஐந்து மாதம். செல்வி பறிக்கிற மலையிலிருந்து இங்கே கால் மணி நேர நடை. மேல் டிவிஷனுக்கு ஏறி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இடம் மாறினால் பகல் முழுக்க அந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் கிடையாது. அது என்னைக் குத்தியது.

2. சைலன்சர்

கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் வென்ட் குழாய் மேல் ஒரு சைலன்சரைப் பூட்டினார். பூட்டும் முன் அதற்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அடியில் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட குழாய். ஆவி ஒரே பாய்ச்சலாக வராமல் நூல் நூலாகப் பிரிந்து வர அது. சுற்றிலும் பஞ்சு போன்ற ரொக்வூல். மிச்சச் சத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும். கீழே ஒரு வடிகுழாய். ஆவி குளிர்ந்து தண்ணீரானால் அது வழியாகத் தரைக்கு இறங்கி வெளியேறிவிடும்.

அடுத்த ட்ரிப்பில் பெருமூச்சு விட்ட அளவுக்குத்தான் கேட்டது. “சரி, காம்பரா அங்கேயே இருக்கட்டும். ஆனா திரும்பவும் சத்தம் வந்தா மாத்திருவேன்” என்றார் தொரை.

வென்ட் வால்வு லேசாக ஒழுகியதால் வடிகுழாயில் எந்நேரமும் சுடுதண்ணீர் சொட்டியது. எங்கள் குளிரில் சுடுதண்ணீரை யார் விடுவார்கள்? பிள்ளைகளின் துணி துவைக்கப் புஷ்பம் வாளி வைத்தாள். பிறகு எங்கள் வரிசை வீடுகள், லயமே வாளியோடு வந்தது. தரையெல்லாம் ஈரமாகி, பாசி பிடித்து, இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள்.

“ஒரு வால்வ மாட்டிக் குடுங்கண்ணே, எடுத்துட்டு மூடிருவோம்” என்றாள் புஷ்பம்.

மாட்டிக் கொடுத்தேன். லயத்தில் என் மதிப்பு ஏகத்துக்கு ஏறியது. எங்கள் சனம் தண்ணீரை வீணாக்காது. எடுத்து முடித்ததும் ஒரு சொட்டு விழாமல் இறுக்கி மூடிவிட்டுப் போவார்கள்.

3. திரும்பி வந்த சத்தம்

சில வாரம் ட்ரிப்பே இல்லை. பிறகு ஒரு மத்தியானம் லைன் போனது. வென்ட்டைத் திறந்ததும் குழாய்க்குள் சம்மட்டியால் அடித்தது போல ஒரு அடி. அடுத்து அதே பழைய அலறல். கொதிக்கும் தண்ணீர் சரிவில் தெறித்து, காம்பரா முற்றம் வரை விழுந்தது. கடவுளே! நல்லவேளை, பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரொக்வூல் துண்டுகள் தேயிலைச் செடிமேல் கிடந்தன.

“திங்கக்கெழம மாத்துறோம்” என்றார் தொரை.

எல்லோரும் இஞ்சினியரைத் திட்டினார்கள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. முதலில் நன்றாக வேலை செய்தது இப்போது ஏன் கெட்டது? சூடு தணிந்ததும் ஏறி, சைலன்சரை ஸ்பேனரால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தேன். மேலே கணீர் என்றது. அடியில் தண்ணீர் பீப்பாயைத் தட்டியது போல ‘தொம்’ என்றது. இவ்வளவு தெறித்த பிறகும் உள்ளே தண்ணீர்! இறங்கி வடிகுழாயைத் திறந்தேன். வாளி வாளியாகக் கொட்டியது.

என்னோடு ஷிஃப்ட் பார்க்கும் நிமல், அண்ணனைச் சிங்களத்தில் ‘அய்யே’ என்பவன், கேட்டான்: “செல்லையா அய்யே, இந்த வால்வ யாரு போட்டது?”

யார் போட்டதா? நான்தான். சனம் எடுத்தது போக வடிய வேண்டிய மிச்சத் தண்ணீரை அடைத்து, சைலன்சரையே தண்ணீர்த் தொட்டி ஆக்கியிருந்தேன்.

வால்வைச் சத்தமில்லாமல் கழற்றியிருந்தால் பழி இஞ்சினியரோடு போயிருக்கும். மனசு கேட்கவில்லை. தொரையிடம் போய்ச் சொன்னேன்.

“இத்தன வருசம் பாய்லர்ல நின்னவனுக்கு இது தெரியாதா?”

“பாய்லர்ல மாட்டியிருக்க மாட்டேனுங்க. இது சும்மா ஒழுகுற தண்ணிதானேன்னு நெனச்சிட்டேன். ஒரு தடவ சோதிச்சுப் பாத்துட்டு மாத்துங்க தொரை.”

முறைத்தார். பிறகு சனிக்கிழமை சோதித்துக் காட்டச் சொன்னார்.

வால்வைக் கழற்றினேன். வடிகுழாயை ஒரு சிமெந்துத் தொட்டிக்கு மேல் திறந்தபடி விட்டேன். வால்வைத் தொட்டியில் மாட்டினேன். நிரம்பினால் வழிந்து கழிவுநீர்க் கானுக்குப் போகும். ரொக்வூலைப் புதிதாக அடைத்தோம். நீங்கள் ஒரு குழாயில் எதை மாட்டினாலும், அது மூடியிருக்கும்போது உள்ளே வருவது எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள்.

சனிக்கிழமை, பிள்ளைகள் தூங்கும் நேரம். நான் காம்பராவில், வென்ட்டைத் திறக்க நிமல் மேலே பவர் ஸ்டேஷன் பெனலில். தொட்டில் பக்கத்தில் செல்வி கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் நின்றாள். தொரை வாசலில் நின்றார். காத்திருந்தோம். காற்றுச் சத்தம்தான் கேட்டது. பொறுமை போய் ஃபோனை எடுத்தேன்.

“நிமல்! இன்னும் தொறக்கலியா?”

“தொறந்து அஞ்சு நிமிஷம் போச்சு, அய்யே.”

தொட்டிலில் பிள்ளை வீறிட்டது. என் சத்தத்துக்குத்தான்.

“அண்ணே, ஒங்க வாய்க்கும் ஒன்னு பூட்டச் சொல்லுங்க” என்றாள் புஷ்பம். தொரை சிரித்துவிட்டார். “காம்பரா இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

செல்வி அப்போதுதான் கூடையை இறக்கினாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “நீங்க கொஞ்சம் வெளிய போங்கண்ணே, புள்ளைக்குப் பால் குடுக்கணும்” என்றாள்.