சாவியை எடுத்த பிறகும் எரிந்த வண்டி

1. தூங்காத பெட்டி

நிறுத்தி, சாவியை எடுத்து, பூட்டிவிட்டுப் போன கார் தானாகத் தீப்பிடிக்கக்கூடும் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் போனில் சொல்ல வேண்டும். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சர்வீஸ் சென்டரில் கஸ்டமர் கேர் மேனேஜராக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் என் வேலை அதுவாகத்தான் இருந்தது.

கம்பெனியிலிருந்து, விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்துக் குறையைச் சரிசெய்யும் ரீகால் அறிவிப்பு வந்திருந்தது. ஒரு மாடலின் ஏ.பி.எஸ். மாட்யூலில், அதாவது பிரேக்கைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டியில், குறை. அதன் சீல் பழுதானால் ஈரம் சர்க்யூட் போர்டைத் தொடும். ஷார்ட் ஆகும். மாற்றுப் பெட்டி வர நாளாகும். அதுவரை வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்தாமல், திறந்த வெளியில் தள்ளி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

எனக்கே நம்பிக்கை வரவில்லை. எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன் தேவாவிடம் கேட்டேன். அவர் ஒரு வண்டியின் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். பானெட்டைத் திறந்து, மாட்யூலுக்குப் போகும் ஒயரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். விளக்கு எரிந்தது.

"பேட்டரில இருந்து டைரக்ட் லைன் மேடம். வண்டி மொத்தமும் தூங்குது. இது மட்டும் முழிச்சிகினு கீது."

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. விளக்கு அணையவில்லை. அந்த மாடல் காரில் நானும் பலமுறை ஏறியிருக்கிறேன். பூட்டிய வண்டி ஒரு ஜடப்பொருள் என்றே நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு எந்தக் காரையும் அப்படிப் பார்க்க முடியவில்லை.

2. வாசலுக்கு வெளியே

"ஓடாத வண்டி எப்படி எரியும்?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். அஸ்தினாபுரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், புது மாடலை விற்க இப்படியும் ஒரு வழியா என்று கேட்டார். அதிகம் வாதாடியவர் கணேசன். பீர்க்கன்கரணையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பூர்விக ஊர்க்காரர். ஏரிப் பக்கம் சொந்த வீடு.

"சொந்த வண்டியை வூட்டுக்கு வெளிய நிறுத்த சொல்றீங்க. மாமியார் வூட்டுக்கு வந்த மாப்பிள்ளைய தெருவுலயே நிக்க வெக்கிறாப்ல கீது மேடம்."

போர்டிகோவை ஒட்டி என்ன இருக்கிறது என்று கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில் என்றார். அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் அசையும். ராத்திரியில் தீப்பிடித்தால் அவரால் கூப்பிடக்கூட முடியாதே என்று சொன்னேன். அன்றைக்கே வண்டியை எதிரிலிருந்த காலி மனைக்கு மாற்றிவிட்டார்.

வெகுநாள் நிறுத்தி வைப்பதானால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள் என்பதையும் எல்லோரிடமும் சொன்னோம். அப்படிச் செய்தால் ரிமோட் வேலை செய்யாது, கடிகாரம் நின்றுவிடும். பெரும்பாலானவர்கள் கழற்றவில்லை.

3. ஏரி நிரம்பியதும்

புயல் எச்சரிக்கை வந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி நிரம்புகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும், கார்கள் மேம்பாலத்தில் ஏறிவிடும். ஒன்றின் பின்னால் ஒன்றாக, பம்பரும் பம்பரும் உரச நிற்கும். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, உரிமையாளர்கள் இடுப்பளவு தண்ணீரில் வீடு திரும்புவார்கள். போலீஸும் கண்டுகொள்வதில்லை.

இரண்டாம் நாள் பகல். மதியத்திலேயே இருட்டிவிட்டது. வொர்க்‌ஷாப் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். தள்ளி நிறுத்திய காலி மனைகள் எல்லாம் இப்போது குளம். அப்படியானால் அந்த வண்டிகள் எங்கே இருக்கும்? ஈரம் பட்டால் எரியக்கூடிய வண்டிகள், மழையில், இடைவெளியே இல்லாமல், பெருங்களத்தூர் மேம்பாலத்தின் மேல்.

வொர்க்ஸ் மேனேஜர் முரளி சாரிடம் சொன்னேன். பாலத்தில் நிறுத்தச் சொல்லி நாம் அறிவிப்பு கொடுக்கவில்லையே என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். சுவரில் மாட்டியிருந்த, தீயணைக்கும் பவுடர் சிலிண்டரைத் தானே இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "நீங்களும் தேவாவும் முன்னாடி போங்க. நான் கம்பெனிக்கும் ஃபயர் சர்வீசுக்கும் பேசிட்டு வரேன்" என்றார்.

கிளம்பும் முன் கணேசனுக்கு போன் போட்டேன். கடைச் சரக்கைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்குள்ள தண்ணி வந்துட்ச்சி மேடம். மாடிப்படி இரும்புப் படி, குறுகலு. அப்பாவ ஏத்த முடியல. கார்ல படுக்க வெச்சி பாலத்து மேல நிறுத்திகீறேன். மலரு கூட இருக்கா."

மலர் அவருடைய மனைவி. இருவரையும் உடனே வெளியே இறக்கச் சொன்னேன். பாதி வாக்கியத்தில் லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை.

4. பாலத்தின் மேல்

தேவாவின் பைக்கில், சிலிண்டரை மடியில் கட்டிக்கொண்டு போனேன். பாலத்தின் அடியில் பைக்கை விட்டுவிட்டு ஓடினோம். எங்கள் மாடல் வண்டிகள் பல நின்றன. பெரும்பாலானவை பூட்டியிருந்தன. பானெட்டைத் திறக்கும் லீவர் உள்ளே இருப்பதால் வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. சில வண்டிகளில் குடும்பங்கள் இருந்தன. கண்ணாடி ஆவி படிந்து, உள்ளே குழந்தைகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

கணேசனின் கார் பாலத்தின் உச்சியில் நின்றது. நெருங்கும்போதே தேவா மூக்கைச் சுளித்தார். பிளாஸ்டிக் கருகும் வாசனை. பானெட் விளிம்பிலிருந்து புகை மெல்லிசாக வந்தது. மழையில் அதை நீராவி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முன் சீட்டைச் சாய்த்து அதில் பெரியவரைப் படுக்க வைத்திருந்தார்கள். பின் சீட்டில் மலர், கையில் தண்ணீர் பாட்டில். கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் இறங்கிவிட்டார். பெரியவரை இறக்க எங்களால் முடியவில்லை. கனமான உடம்பு. பக்கத்து வண்டிகளில் இருந்தவர்கள் வந்தார்கள். யாரோ ஒரு ஜமுக்காளத்தை நீட்டினார்கள். நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி, பாலத்தின் மறுபக்கம் நின்றுபோயிருந்த பஸ்ஸுக்குள் அவரைக் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் தேவா பானெட்டைத் தூக்கினார். காற்றுப் பட்டதும் தீ எழுந்தது. கொட்டுகிற மழை அதன் மேல் விழுந்தது, தீ அணையவில்லை. பவுடரை அடித்தேன். அடங்கியது. பேட்டரியில் கரண்ட் இருந்ததால் மறுபடி பிடித்தது. தேவா ஸ்பேனரோடு இரண்டு முறை கையை நீட்டினார். டெர்மினல் தீக்கு அடியில் இருந்தது. கையை இழுத்துக்கொண்டார். சிலிண்டர் காலியானது.

தண்ணீருக்குப் பயந்து மேலே ஏறிய வண்டி, அந்தத் தண்ணீராலேயே என் கண்முன் எரிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை. நகரத் தோன்றவில்லை.

தேவாதான் முன்னால் நின்ற காரைக் காட்டினார். பூட்டிய கார். ஆளில்லை. அதன் பின்பக்கம் எங்கள் தீக்கு ஓர் அடி தூரத்தில் இருந்தது.

"பெட்ரோல் டேங்க் பின்னாடிதான்ணா கீது," என்றார், கூட்டத்தில் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. லுங்கி கட்டியவர், டை கட்டிய மெடிக்கல் ரெப், பஸ் கண்டக்டர், காலேஜ் பையன்கள், சுடிதாரை முடிந்துகொண்ட இரண்டு பெண்கள். எல்லோரும் அந்தக் காரின் பின் பம்பருக்கு அடியில் கைகொடுத்தார்கள். பிரேக் போட்ட வண்டியைத் தள்ள முடியாது. தூக்கினார்கள். ஒரு சாண் நகர்த்தி வைத்தார்கள். மறுபடி தூக்கினார்கள். ஒவ்வொரு முறையும் அதன் அலாரம் அலறியது. "கத்திக்கினே இரு, உன்னத்தான் காப்பாத்துறோம்" என்றார் கண்டக்டர். தீயின் வெளிச்சம் நனைந்த முதுகுகளில் விழுந்தது. காரின் பின்பக்கம் பாலத்தின் நடுப்பக்கமாகத் திரும்பி, இடைவெளி பிறந்தது. பின்னால் நின்ற வண்டியில் ஆள் இருந்ததால் அது வரிசையை விட்டு விலகிக்கொண்டது. கணேசனின் கார் தனியாக நின்று எரிந்தது. முன்பாதி போன பிறகு மழை அதை அணைத்தது. அதோடு நின்றது.

பஸ்ஸுக்குள் போனேன். மலர் மாமனாரின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலேயே சொன்னார்.

"ரொம்ப நேரமா கைய முன்னாடி காட்டிக்கினே இருந்தாரு மேடம். தண்ணி கேக்குறாருன்னு நெனச்சி குடுத்துக்கினே இருந்தேன். வேணான்னு தள்ளிவுட்டாரு. மறுபடி காட்டினாரு. மறுபடி குடுத்தேன்."

பெரியவர் எங்களைப் பார்த்தபடி படுத்திருந்தார். எங்களுக்கெல்லாம் முன்னால் அந்த வாசனையைப் பிடித்தவர் அவர்.

கீழே இறங்கியபோது கணேசன் ஈரத்தோடு ஓடிவந்துகொண்டிருந்தார். காரைக் கடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா எங்கே என்று மட்டும் கேட்டார். பஸ்ஸைக் காட்டினேன்.

பிறகு நான் பார்த்ததை இன்றும் மறக்கவில்லை. செய்தி வாய்வழியாகப் பரவியிருந்தது. எங்கள் மாடல் வண்டிக்காரர்கள் தாங்களே பானெட்டைத் திறந்து பக்கத்தில் நின்றார்கள். பூட்டிய வண்டிகளின் டேஷ்போர்டில் எழுதி வைத்திருந்த போன் நம்பர்களுக்கு யார் யாரோ பேசினார்கள். சாவியோடு ஆட்கள் தண்ணீரில் நடந்து வந்தார்கள். பாலத்தின் இறக்கம் வரை, மழையில் திறந்த பானெட்டுகள் வரிசையாக நின்றன. தேவா ஒற்றை ஸ்பேனரோடு பேட்டரி டெர்மினல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனார். முரளி சார் வந்து சேர்ந்ததும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுமுனையிலிருந்து ஆரம்பித்தார்.

5. பிறகு

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரீகால் அறிவிப்பை எழுதுபவருக்கு உங்கள் ஏரியைத் தெரியாது. அதை அப்படியே வாசித்துக் காட்டினால் வேலை முடிந்துவிடாது. மழை பெய்தால் வண்டி எங்கே போகும், அதன் பக்கத்தில் யார் படுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். நான் பெரியவரின் கட்டிலைப் பற்றிக் கேட்டேன். மழையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

கணேசனுக்குக் கம்பெனி மாற்று வண்டி கொடுத்தது. எடுக்க வந்தபோது அப்பாவையும் முன் சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போவதாகச் சொல்லிக் கூட்டிவந்திருந்தார். மலரும் வந்திருந்தார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது பெரியவர் இடது கையைத் தூக்கி முன்னால் காட்டினார். மலர் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. தேவாவைப் பார்த்தார்.

தேவா பானெட்டைத் திறந்தார். பெரியவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினோம். மாட்யூலின் மேல் விரலை வைத்து, "இது புது டிசைன் பெருசு, கோளாறு இல்ல," என்றார் தேவா. பெரியவர் குனிந்து, மூக்கை இழுத்து, வெகுநேரம் முகர்ந்தார். பிறகு கையைக் கீழே இறக்கினார்.