குழாய்க்குள் ஒரு ஹோரோ

குழாய்க்குள் தள்ளியதுமே ஸ்டாமென் ஆடத் தொடங்கிவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் அசைவதில்லை. தலையை இரண்டு பக்கமும் பஞ்சணைகள் இறுக்கிப் பிடித்திருக்கும். நரம்பு இழுப்பில் தாமாகவே துள்ளும் கால்களைப் பட்டையால் கட்டியிருப்பார்கள். ஸ்கேன் எந்திரம் தகரக் கொட்டகையில் ஆணி அடிப்பதுபோல் இரையும். அந்த இரைச்சலுக்குள் மேளத்தின் அடியைக் கண்டுபிடித்து, கைகோத்து ஆடும் ஹோரோ வரிசைக்கு முதல் ஆளாக நின்று, மனதுக்குள் வலது காலை எடுத்து வைப்பார்.

ஐம்பதைத் தாண்டியவர், பல்கேரியாவில் குக்லென் என்ற சிற்றூர்க்காரர். சில வருடங்களுக்கு முன் செர்ரி பறிக்கும்போது ஏணி சரிந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இப்போது வீட்டு காரேஜில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டார்களைப் பிரித்து மாட்டுகிறார். கொண்டுவருகிறவர் வாயைத் திறந்து கோளாறைச் சொல்லக் கூடாது. "நீ சும்மா இரு, அதுவே சொல்லும்" என்று மோட்டாரில் காதை வைத்துக்கொள்வார். காலையில் சக்கர நாற்காலிக்கு மாறுமுன் தன் கால்களிடம், "துரைங்க ரெண்டு பேருக்கும் இன்னும் விடியலையா?" என்று விசாரிப்பார். "அதுங்களாவது உன்ன மாதிரி வாயடிக்காம இருக்கே" என்பார் மனைவி ஸ்த்ராவ்கா, சமையலறையிலிருந்து.

வருடத்துக்கு ஒருமுறை ப்ளோவ்டிவ் மருத்துவமனைக்குப் போவார். தண்டில் அடிபட்டவர்களின் நரம்பும் மூளையும் பிற்பாடு எப்படி மாறுகின்றன என்று படமெடுத்துப் பார்க்கிற டாக்டர் ரதோஸ்தினா அங்கே இருக்கிறார். அடிபட்ட இடத்துக்கு மேலே, கழுத்துவரைக்கும், தண்டு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து வருவதை அவர் காட்டியிருக்கிறார். மூளையின் உச்சியில் கால்களுக்கென்று ஓர் இடம் உண்டு என்றும், நாளாக ஆக அதுவும் மாறிப்போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மெலிந்த தண்டைப் பற்றி ஸ்டாமெனுக்குக் கவலையே இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"என் காலு இன்னும் என் தலைக்குள்ள இருக்கா, இல்ல அங்கேருந்தும் காலி பண்ணிட்டாங்களா?"

அதற்கென்று ஒரு சோதனை. ஒலிபெருக்கியில் "அசைங்க" என்றால் பாதங்களை அசைக்க முயல வேண்டும். "நிறுத்துங்க" என்றால் சும்மா படுத்திருக்க வேண்டும். மூளையில் கால்களுக்கான இடம் வேலை செய்தால் படத்தில் அது வெளிச்சமாகத் தெரியும். இந்த வசந்தத்தில் அதைச் செய்து பார்த்துவிட்டு, டாக்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "அந்த இடத்துல வெளிச்சம் வரல, அண்ணே."

மறுநாள் காலை ஸ்டாமென் துரைகளை விசாரிக்கவில்லை. ஏணியிலிருந்து விழுந்த அன்றுகூட வாயடித்த மனுஷன் இவர். ஸ்த்ராவ்கா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தாமே மருத்துவமனைக்குப் போன் போட்டு, இன்னொரு தடவை பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார்.

இந்த முறை குழாய்க்குள் தள்ளுவதற்கு முன்னால் டாக்டர் கேட்டார்: "உள்ள போய் என்னதான் பண்றீங்க?"

"ஆடுறேன்."

"பாதத்த மேலயும் கீழயும் அசைக்கத்தானே சொன்னேன்?"

"அது என்ன டாக்டரம்மா, அடிபம்புக் கைப்பிடியா? நான் ஹோரோ ஆடுறேன்."

"சரி, நிறுத்துங்கன்னு சொல்றப்போ?"

"எப்படி நிறுத்துறது? முன்னால போறவன் பாதி அடியில நின்னுட்டா, பின்னால வர்ற நாப்பது பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழமாட்டாங்க?"

ரதோஸ்தினா நெற்றியில் அடித்துக்கொண்டார். அசைக்கிற நேரத்துப் படத்திலிருந்து சும்மா இருக்கிற நேரத்துப் படத்தைக் கழித்தால்தான் அந்த வெளிச்சம் கிடைக்கும். சும்மா இருக்க வேண்டிய நேரத்திலும் ஆள் ஆடிக்கொண்டே இருந்தால், கழித்தபின் மிச்சம் என்ன இருக்கும்?

"கல்யாணத்தன்னைக்கு மேளக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான், டாக்டரம்மா. அப்பவே இந்த ஆளு நிறுத்தல" என்றார் ஸ்த்ராவ்கா.

அன்று ஸ்டாமெனுக்கு ஆடுவது சுலபமாக இருந்தது. நிற்பதில்தான் உயிர் போனது. "நிறுத்துங்க" என்று குரல் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மொத்த வரிசையையும் இழுத்துப் பிடித்தார். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டாக்டர் அவரைத் திரைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனார். சாம்பல் நிற மூளை. அதன் உச்சியில், இரண்டு பாதிகளும் சேருகிற இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஆரஞ்சுப் பொட்டுகள்.

"இங்கதான் இருக்கு, அண்ணே. ரெண்டும் இருக்கு" என்ற ரதோஸ்தினா, உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா, இதனால நடந்துடலாம்னு நினைச்சுடாதீங்க."

"நடக்குறதையா கேட்டேன்? இருக்கான்னுதானே கேட்டேன்." ஸ்டாமெனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஸ்த்ராவ்கா திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டார்.

திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு ஸ்டாமென் குனிந்தார். நாற்காலியின் மிதிபலகையிலிருந்து நழுவித் தரையில் கிடந்த இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கினார். செருப்பில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அதை வலது காலுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார்.