ஆமை ஓடு போட்ட கார்

எதிர்வீட்டு மருமகனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. வாரம் முழுக்கக் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய்வருகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் மொட்டைமாடியில் உட்கார்ந்து ரிமோட் கார் ஓட்டுகிறார். கை நீளம்கூட இல்லாத கார். அதற்கு ஐந்தாறு பாடி வைத்திருக்கிறார். ஒன்றைக் கழற்றுவார், இன்னொன்றை மாட்டுவார், சக்கரத்தைத் திருகுவார், தரையில் விடுவார், பெருமூச்சு விடுவார். போன வாரம் துணி உலர்த்தப் போன நான் பொறுக்காமல், "தம்பி, இடதுகைப் பக்கத்து முன்சக்கரம் எதுலயோ ஒரசுது பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். கழற்றிப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

தெரியாமல் என்ன? இந்த ஊரில் ரிமோட் காருக்கு முதன்முதலில் பாடி கட்டியது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து என் கைக்கு வரவில்லை. ஆனால் காகிதம் வந்தது. எங்கள் வீட்டில் கொலு பொம்மை செய்வார்கள். அச்சுக்குள் எண்ணெய் தடவி, பசையில் தோய்த்த காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்ததும் உரித்து எடுக்க வேண்டும். எந்தப் பொம்மைக்கு எத்தனை ஒட்டு என்பது என் உள்ளங்கைக்கே தெரியும்.

சித்தப்பா மெட்ராஸில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். ஒருமுறை பத்து நாள் லீவில் வந்தபோது ஒரு துணிமூட்டையை அவிழ்த்து அந்தக் காரை எடுத்தார். கப்பலில் வேலை செய்யும் யாரோ கொடுத்ததாம். கார் என்று அவர்தான் சொன்னார். பார்த்தால் நாலு சக்கரம், ஒரு மோட்டார், பேட்டரிப் பெட்டி, குடல் மாதிரி ஒயர்கள். மேல்பாடி நொறுங்கிப்போய்விட்டதால்தான் அது அவர் கைக்கு வந்தது. கூடவே இரண்டு பிடி வைத்த பெட்டி ஒன்று. ஒரு பிடி முன்னே போக, இன்னொன்று திரும்ப.

அதை எங்கே ஓட்ட வேண்டும் என்பதில் சித்தப்பா தெளிவாக இருந்தார். பட்டு நெசவாளர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் தெருவிலேயே பாவு விரிப்பார்கள். புடவைக்கு நீளவாட்டில் போகும் பட்டு நூலை, தெருவின் ஒரு முனையிலிருந்து கோடிவரை இழுத்துக் கட்டி, இடையிடையே குறுக்குக் கழிகளில் நிறுத்தியிருப்பார்கள். அந்தப் பாவுக்கு அடியிலேயே கார் போய்க் கோடி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். யாருக்கும் தோன்றாத பந்தயம் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சொன்னால் லேசு. பாவு நடுவில் தொய்ந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருக்கும். காரின் ஏரியல் கம்பி ஒரு முழம் நிமிர்ந்து நிற்கிறது. அது பட்டில் மாட்டினால் இழைகள் அறும். கார் கொஞ்சம் கோணினாலும் கழியில் மோதும். கழி விழுந்தால் கோடி வீட்டுக்காரர், வீட்டுக்குள் பேசுகிற தெலுங்கைத் தெருவுக்கே கொண்டுவந்துவிடுவார்.

ஆகவே பாடி தாழ்வாக இருக்க வேண்டும், லேசாக இருக்க வேண்டும். முதலில் சித்தப்பா எண்ணெய் டின்னை வெட்டி ஒன்று செய்தார். மாட்டியதும் கார் செவிடாகிவிட்டது. பெட்டியை எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை. தகரம் ரேடியோ அலையை மறைக்கும் என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து மரத்தில் குடைந்தார். மோட்டார் முனகியது. அப்போதுதான் நான் பரண்மேல் ஏறி, தசாவதார செட்டில் கூர்மாவதாரத்தின் அச்சை எடுத்துவந்தேன். ஆமை முதுகு. தாழ்வு, வழுவழுப்பு, நாலு சக்கரத்தையும் மூடும்.

அப்பா பார்த்துவிட்டார். "பெருமாளு மலையத் தாங்கினாரு. நீ பேட்டரியத் தாங்க வெக்கிறியா?" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

பொம்மைக்கு ஏழு ஒட்டு. காருக்கு ஏழு போட்டால் கனம், இரண்டு போட்டால் நசுங்கியது. மூன்று என்று நான் சொன்னேன், மூன்றுதான் நின்றது. ஏரியல் கம்பியை நிமிர்த்தாமல் ஓட்டின் விளிம்பைச் சுற்றி உள்ளே ஒட்டினோம். தெருமண்ணில் பின்சக்கரம் வழுக்கியது. சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டினோம். மூக்கு தூக்கியது, முன்னால் களிமண் உருண்டை ஒன்று வைத்து அழுத்தினோம். இடப்பக்கம் இழுத்தது, சித்தப்பா குறடால் முன் அச்சுக் கம்பியை முடியளவு வளைத்தார். ஒவ்வொரு தடவையும் சந்தில் ஓட்டிப் பார்ப்போம். குடத்தோடு போகிறவர்கள் நின்று, "இன்னாடி, ஆமைக்கு இன்னா இவ்ளோ அவசரம்?" என்று கேட்டார்கள். ஒன்பதாம் நாள் கார் நூல் பிடித்ததுபோல் ஓடியது.

பத்தாம் நாள் விடிகாலை பாவு விரித்துவிட்டார்கள். கோடி முனையில் கோடி வீட்டுக்காரரின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். சித்தப்பா காரையும் பெட்டியையும் என்னிடம் கொடுத்தார்.

"நீயே ஓட்டு பாப்பா. நான் குழாயாண்ட நிக்கிறேன்."

"நீங்க வரலியா?"

"பெரிய ஆளு பொம்ம ஓட்டினா சிரிப்பாங்க. நேரா அக்காகிட்ட கொண்டு போய் நிறுத்து. பாடிய மட்டும் கழட்டாத, இன்னா? அப்படியே வுடு."

இவ்வளவு பாடுபட்டுவிட்டு ஓட்டும் பெருமையை எனக்குக் கொடுத்தாரே என்று நினைத்தேன். அவர் குழாய்ப் பக்கம் போனதும், எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று எங்கள் வாசலில் விட்டேன். கார் இடப்பக்கம் இழுத்தது. நேற்று நேராக ஓடிய கார்! இந்தக் கோணலோடு பாவுக்கு அடியில் விட்டால் முதல் கழியிலேயே மோதும். வாசலுக்குள் நகர்ந்து பாடியைக் கழற்றினேன். இடப்பக்கம், ஓட்டின் உள்விலாவில், எட்டாக மடித்த காகிதம் ஒன்று செருகியிருந்தது. அதன் முனை முன்சக்கரத்தில் உரசிக்கொண்டிருந்தது.

பிரித்தேன். நீல மையில் நெருக்கமாக எழுத்து. எங்கள் வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் எழுத்துள்ள காகிதம்தான். பரீட்சைத் தாள், பழைய நோட்டு, கட்டுக் கட்டாக வரும். எழுதிய காகிதம் என்றால் எழுதியவருக்கு வேண்டாத காகிதம். ஆடாமல் இருக்கத்தான் சித்தப்பா இதைச் செருகியிருக்கிறார், அவசரத்தில் சரியாகச் செருகவில்லை என்று முடிவு கட்டினேன். பொம்மைக்கென்று காகிதம் ஊறிக்கொண்டிருந்த தொட்டி பக்கத்திலேயே இருந்தது. போட்டேன். முங்கட்டும் என்று கையால் ஒரு அழுத்தும் கொடுத்தேன்.

பிறகு ஓட்டினேன். பெட்டியைப் பிடித்தபடி பாவின் ஓரமாகவே நடந்தேன். மேலே மாம்பழ மஞ்சளில் பட்டு, கீழே என் ஆமை. எட்டுக் கழி தாண்டியது. ஒன்றைக்கூடத் தொடவில்லை. கோடி வீட்டுக்காரர் வெற்றிலையை மெல்ல மறந்து, "அதேமிடி?" என்று, அது என்னவென்று குனிந்து பார்த்தார். கார் அக்காவின் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அக்கா குழாயடியை ஒருமுறை பார்த்தார். தன் அப்பா அந்தப்புறம் திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு காரைத் தூக்கி, பாடியைக் கழற்றி, உள்ளே விரலால் சுற்றித் தடவினார். பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். கவிழ்த்து உதறினார். அடிப்பாகத்தை மெக்கானிக் மாதிரிப் பார்க்கிறாரே என்று எனக்கு மரியாதை வந்தது.

"இவ்ளோதானா பாப்பா?"

"வேற இன்னா வேணும்? நேரா வந்துச்சு பாத்தீங்களா?"

"வந்துச்சு" என்றார். "நேராத்தான் வந்துச்சு."

ஆமையை மெதுவாக மூடிக் கீழே வைத்துவிட்டு இழையை எடுத்தார். அந்த ஒரு முடிச்சு விழ நெடுநேரம் ஆனது.

குழாயடியில் சித்தப்பாவிடம் ஓடினேன். அக்கா காரைப் பார்த்தாரா என்று கேட்டார். தூக்கிப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார் என்றேன்.

"எதனா சொன்னாங்களா?"

"நேரா வந்துச்சுன்னாங்க."

"வேற ஒண்ணும் குடுக்கலியா?"

"ஒண்ணும் இல்ல."

இடப்பக்கம் இழுத்ததை நானே சரிசெய்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் பாடியைக் கழற்றாதே என்றவர் அல்லவா? அடி விழுமோ என்று அடக்கிக்கொண்டேன். என் ஆயுளில் நான் பேசாமல் விட்ட பேச்சு அது ஒன்றுதான். சித்தப்பா என் தலையில் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். காரை எனக்கே விட்டுப் போனார்.

அக்கா படித்துவிட்டுப் பதில் தரவில்லை என்று சித்தப்பா நினைத்தார். சித்தப்பாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அக்கா நினைத்தார். எனக்கு இது விளங்கியபோது எனக்கே கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் ஆட்கள் வேறு, எங்கள் ஆட்கள் வேறு. காகிதம் போய்ச் சேர்ந்திருந்தாலும் கூடியிருக்குமோ, கூடாதோ. ஆனால் கேட்டுப் பார்க்கவாவது இரண்டு பேருக்கும் வழி இருந்திருக்கும். சித்தப்பா பிறகு எங்கோ பெண் எடுத்து, நல்லபடியாகவே வாழ்ந்து போய்ச் சேர்ந்தார். அவரிடம் நான் சொல்லவே இல்லை.

கார் ஓடியதற்கு அடுத்து வந்த தையிலேயே அக்காவை ஆரணியில் கொடுத்தார்கள். முகூர்த்தம் முடிந்து பெண்ணை வண்டியேற்றும்போது கூட்டத்தில் என்னைக் கண்டு கையசைத்துக் கூப்பிட்டார். வளையலெல்லாம் குலுங்க என் கன்னத்தைத் தொட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சித்தப்பா வரலியா பாப்பா?"

சித்தப்பாவுக்கு யாரும் பத்திரிகை அனுப்பவில்லை. அதைச் சொன்னால் எங்கள் வீட்டுக்குக் கௌரவக் குறைவு என்று நினைத்தேன்.

"அவருக்கு மெட்ராஸ்ல எம்மாம் வேலை தெரியுமா! இந்தத் தெருவெல்லாம் அவருக்கு எங்க ஞாபகம் இருக்கும்?" என்றேன்.

அக்கா தலையாட்டினார். தன் சடையிலிருந்து ஒரு முழம் மல்லியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டார். கல்யாணப்பெண்ணே தன் பூவை எடுத்து வைத்தார் என்று, அது வாடி உதிரும்வரை தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன். நான் சொன்ன பதிலுக்குச் சந்தோஷப்பட்டுத்தான் கொடுத்தார் என்றும் எல்லோரிடமும் சொன்னேன்.