உப்பளக் காற்றாலையும் றஹீமா வீட்டுக் குசினியும்

காலை ஆறரைக்குச் சிலாபத்தில் புத்தளம் பஸ் ஏறினேன். பாலாவிச் சந்தியில் இறங்கும்போது எட்டு மணி கழிந்துவிட்டது. உப்பளக் காற்றாலையைப் பார்க்க வேண்டும் என்றதும் ஓட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார்.

"பழைய காத்தாடியா? ஓம், தெரியும். வீடுகளுக்கு நடுவுல நிக்கிது" என்றார்.

ஒருகாலத்தில் கடலோரக் களப்பிலிருந்து உப்பளப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைத்த காற்றாலை அது. யுத்தம் முடிந்தபின் பாத்திகளை மண்போட்டு நிரப்பிக் காணித்துண்டுகளாக விற்றுவிட்டார்கள். புது மதில்களுக்கும் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் மேலே அந்த இரும்புச் சக்கரம் தெரிந்தது.

அது நிற்கும் காணி றஹீமாவுடையது. 1990இல் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே அகதி முகாமுக்கு வந்த முஸ்லிம் குடும்பம். காற்றாலையை வெட்டிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று காணி விற்றவர் சொல்லியிருக்கிறார். றஹீமா விடவில்லை. வீட்டு வரைபடத்தை மாற்றி, சமைக்கும் குசினியைச் சுருக்கி, காற்றாலையின் கால்களுக்கு இடம் விட்டிருக்கிறார்.

"முகாம்ல இருந்து பாத்தா இதுதான் தெரியும் தங்கச்சி. இது சுத்தினா உப்பளத்துல வேல இருக்கும். வாப்பா இதப் பாத்துட்டுத்தான் வெளிக்கிடுவார்."

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் தெருவில் இருந்த பழைய எண்ணெய் ஆலைப் புகைபோக்கியைக் காப்பாற்ற நாங்கள் நான்கு பேர் கூட்டம் போட்டோம், கையெழுத்துச் சேர்த்தோம். ஒரு விடியற்காலையில் அதை இடித்துவிட்டார்கள். இன்று அங்கே வாகனங்கள் நிற்கின்றன. இவர் ஒரு குசினியைச் சுருக்கியே சாதித்துவிட்டாரே!

அப்போது பக்கத்து மாடிவீட்டு இளைஞர் கோபமாக வந்தார். மூத்த சகோதரியை அங்கே 'தாத்தா' என்றுதான் அழைப்பார்கள்.

"தாத்தா, இது கிறீச்சிடுற சத்தத்துல புள்ள தூங்குதில்ல. கழட்டிருங்க."

கழற்றட்டும் என்று என் மனம் ஒரு கணம் ஆசைப்பட்டது.

"கழட்டச் சொல்லாதீங்க தம்பி. கிறீஸ் தாறன், ஏறிப் பூசுங்க. நான் ஏணியப் புடிக்கிறன்" என்றார் றஹீமா.

இளைஞர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். இறங்கும்போது முழங்கைவரை கறுப்பு. சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. அண்ணாந்து பார்த்தபடியே நின்றவர், மாடியிலிருந்த மனைவியைக் கூப்பிட்டு, தன்னையும் சக்கரத்தையும் சேர்த்துப் படமெடுக்கச் சொன்னார். எங்கள் தெருவில் இப்படி ஒருவர்கூட வந்து நிற்கவில்லை.

தேத்தண்ணீர் தந்தபடி றஹீமா கேட்டார்: "உங்கட ஊர்லயும் இப்படிப் பழசு ஏதும் ஈக்கா?"

"இருக்கு" என்றேன். "பெரிய புகைபோக்கி ஒண்டு."

"அப்ப அடுத்த மாசம் பாக்க வாறன்" என்று சந்தோஷப்பட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.