மும்பையில் புல் வளர்க்கிறேன்

மும்பையில் புல்தரை போட்டுப் பராமரிப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட “புல்லா? எங்கே?” என்று ஜன்னலுக்கு வெளியே தேடிப் பார்ப்பார்.

இருக்கிறது. செம்பூர் பங்களாக்களுக்கு முன்னால், காட்கோபரில் தரைத்தள வீடுகளுக்குப் பின்னால், மாட்டுங்காவில் மொட்டை மாடிகளின் மேல் என்று கட்டில் அளவிலும் பாய் அளவிலும் இருக்கிறது. வீட்டில் நாலடிப் புல் வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயிலில் கருகும், மழையில் அழுகும், இரண்டும் இல்லாத நேரத்தில் கோரை முளைக்கும். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நாம் கை கழுவி வருவதற்குள் அடுத்தது தலை நீட்டியிருக்கும். இதெல்லாம் தெரிந்தும் புல் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வரும். அப்படிச் சிலரைப் பற்றி இங்கே.

ஒழுகாத கூரை

மாட்டுங்காவில் சீதாராமன் சார் என்று ஒருவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து, மெல்லத் தேறிக்கொண்டிருந்தார்கள். தினமும் புல்லில் வெறுங்காலோடு நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், வீடு கடைசி மாடி. பார்க்குக்கு இறங்கிப் போக முடியாது. “செல்வம், அவ ஒரு மாடி ஏறிடுவா. புல்லை மேலே கொண்டுவந்துடு” என்றார் என்னிடம்.

மொட்டை மாடியில் வெயில் விழும் பாதி, பக்கத்து வீட்டுக் கோபாலன் சாரின் தலைக்கு மேலே இருந்தது. தனியாக இருப்பவர். என்றைக்கோ சுவரில் தண்ணீர் கசிந்ததற்காக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. புல் என்றதும், “என் தலையில ஒழுகும். கூடவே கூடாது” என்று கதவைச் சாத்திவிட்டார். மறுபடி கதவைத் தட்டினார் சீதாராமன் சார். “தண்ணி நிறுத்திப் பாக்கலாம். ஒரு சொட்டு விழுந்தாலும் புல்லே வேண்டாம். நானே உங்காத்துல உக்காந்து பாக்கறேன்” என்றார்.

தளத்துக்கு நீர் புகாத பூச்சு பூசி, சுற்றிலும் சிமெண்டில் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். சொன்ன மாதிரியே அவர் காலையில் போய்க் கோபாலன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் இருவரும் பேசவில்லை. மறுநாள் நான் எட்டிப் பார்த்தபோது நடுவில் காபி டம்ளர் இருந்தது. அதற்கு அடுத்த நாள் சத்தமாக கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள், கூரையை யாரும் பார்க்கவில்லை. அந்த வாரக் கடைசியில் நான் கூரையைத் தடவிப் பார்த்து, காய்ந்துதான் இருக்கிறது, புல் போடலாம் என்றேன். சீதாராமன் சார் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபாலன் சார் முகம் மட்டும் வாடிவிட்டது.

“அப்போ நாளைலேர்ந்து வரமாட்டேளா?”

சேட்டு

காட்கோபரில் ஷாலினி என்றொரு பெண், வங்கியில் வேலை. தரைத்தள வீட்டின் பின்னால் அருமையான சின்னப் புல்தரை. அதில் வட்ட வட்டமாக மஞ்சள் விழுந்தது. நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. அவள் வளர்க்கும் சேட்டு என்ற நாய் அங்கே மூத்திரம் போவதுதான் காரணம். மூலையில் ஜல்லி கொட்டி, அங்கே போகப் பழக்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜல்லியை முகர்ந்து பார்த்த சேட்டு, அதைச் சுற்றிக்கொண்டு புல்லுக்கே வந்தானாம். அதட்டினாள், பிஸ்கட் கொடுத்தாள், கயிறு கட்டி இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. போன உடனே அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால் கருகாது என்று போனில் சொன்னேன். காலையில் ஆபீஸ் ஓடுகிற பெண்ணுக்கு இது நடக்கிற காரியமா என்று நானே நம்பாமல்தான் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது ஒரு மஞ்சள்கூட இல்லை. சேட்டு வந்தான், வேலையை முடித்தான், ஆனால் நகரவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்த்து ஒரு குரல் கொடுத்தான். ஆபீஸ் உடையில் ஷாலினி மக்கோடு ஓடி வந்து ஊற்றினாள். ஊற்றியதைச் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ட்ரெயினிங் முடிஞ்சுடுச்சு அண்ணா. எனக்கு.”

முன்னால் வந்தவர்கள்

செம்பூரில் லால்வானி சேட்டின் பங்களா. மகளுக்கு நிச்சயதார்த்தம், அந்தப் புல்வெளியிலேயே மேடை. தண்ணீரும் உரமும் கொடுத்து விரித்த ஜமுக்காளம் மாதிரி வைத்திருந்தோம். கடைசி வெட்டுக்காக என் கூட்டாளி காசிம் மெஷினை உருட்டிக்கொண்டு போனவன், தலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். ஆட்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே அவனை விரட்டியது. போய்ப் பார்த்தால், மேடை போட வேண்டிய இடத்தில், கூடுகூட இல்லாமல் புல்லிலேயே புள்ளி போட்ட முட்டைகள்.

எடுத்து ஓரமாக வைத்தால் தாய் வராமல் போகலாம். விட்டுவிட்டால் மேடை இல்லை. வேறு வழியில்லாமல் சேட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து தூர நின்று பார்த்தார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிந்தியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு போனை எடுத்து டிஜே வேண்டாம் என்றார், மேடையைக் கார் நிற்கும் இடத்துக்கு மாற்றச் சொன்னார். குருவியைச் சுற்றி, கிட்டே போகாமல், நாங்கள் கயிறு கட்டினோம். இத்தனை பாடுபட்ட புல்லில் ஒரு நாற்காலிகூட விழவில்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்தக் குடும்பத்தின் மேல் வந்த மதிப்பு பெரிது. விழா அன்று சம்பந்தி அம்மாள், இவ்வளவு பெரிய தோட்டத்தை விட்டு எங்களை ஏன் இடுக்கில் உட்கார வைத்தீர்கள் என்று கேட்டே விட்டார். சேட் கயிற்றைக் காட்டி, கைகூப்பி, இந்தியில் சொன்னது தமிழில் இதுதான்.

“மன்னிக்கணும் அம்மா, அவங்க உங்களுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்துட்டாங்க.”

மீரான் பாயின் மாடி

தாராவியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மீரான் பாய்க்குத் தோல் பை தைக்கும் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாடியில் வெறும் சிமெண்டில் உட்கார்ந்துதான் அவரிடம் வேலை செய்கிறவர்கள் மதியச் சோறு சாப்பிடுவார்கள். அங்கே புல் போட வேண்டும் என்று கூப்பிட்டார். நாலு பக்கமும் கட்டடம், வெயில் போதாது, பிளாஸ்டிக் புல் போட்டுத் தருகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன வேய், நாள் பூரா ரெக்சினையும் தோலையும்தான் தொடுதானுவ. சோறு திங்கும்போதாவது உசிருள்ளத ஒண்ணத் தொடட்டுமே.”

போட்டோம். வெளுத்துச் செத்தது. மறுபடி போட்டோம், அதுவும் போயிற்று. விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு விடுமுறை நாளில் காலை முதல் சாயங்காலம் வரை மாடியிலேயே உட்கார்ந்து, வெயில் எங்கே விழுகிறது என்று சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார். நல்ல வெயில் விழுந்த இடத்தில் தண்ணீர் டேங்க் நின்றது. பிளம்பரை வரவழைத்து, குழாயெல்லாம் பிரித்து, டேங்கையே நிழல் பக்கம் நகர்த்திவிட்டார்! மூன்றாவது புல் பிடித்தது. ஆறு பேர் நெருக்கி உட்காரும் அளவு. கண்ணை உறுத்தாத பச்சை.

முதல் நாள் மதியம் எல்லோரும் டிபன் டப்பாவோடு மேலே வந்தார்கள். ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் கால் வைக்கவில்லை. “உக்காருங்கடே, உங்களுக்குத்தான்” என்றார் பாய். அப்போதும் அசையவில்லை. தோல் வெட்டும் இசக்கி, அந்தப் பட்டறையில் எல்லோரையும்விட மூத்தவர், கொஞ்ச நேரம் புல்லையே பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பாய், செருப்ப எங்கன கழத்திப் போட?”

மழையையும் கோரையையும் நான் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன், ஆனால் திட்டுவதற்கு ஒரு வாடிக்கையாளர்கூட வசதியாக அமையவில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குள்ள தீராத குறை.