கடலில் இறங்காத கணவன்

யுத்தம் தொடங்கியிருந்த சமயம். திண்டிவனத்தில் நான் இங்கிலீஷ் வாத்தியார். கல்யாணமாகி இரண்டு வருஷம். என் மனைவி முகையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஏரியைத் தெரியும், கடலைப் பார்த்ததில்லை. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் கடலில் தீர்த்தமாடப் புறப்பட்ட அன்று கேட்டாள்.

“சாமியே வருசத்துக்கு ஒரு வாட்டி கடலுக்குப் போய்க்கினு வருது. நான் இன்னா பாவம் பண்ணேன்?”

கோடை விடுமுறையில் புதுச்சேரிக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்தேன். திட்டம் போடுவதில் எனக்கு ஆசை அதிகம். முதல் நாள் திருவக்கரை. அம்மனைக் கும்பிட்டு, கல்லாய்ப் போன மரங்களைப் பார்ப்பது. பிறகு இரண்டு நாள் புதுச்சேரி. சாயங்காலம் கடலோரத் தெருவில் நடப்பது. காலையில் கடலில் குளிப்பது. ஆறு கடலில் சேருமிடத்துக்குப் படகில் போவது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் சாப்பாடு ஆனதும், “அந்தக் கல்லு மரத்தப் படிங்க” என்பாள். படித்தால், தாளில் இல்லாத எதையாவது கேட்பாள். “கடல்ல மீனு காலக் கடிக்குமா?”

விடுமுறை நெருங்கியபோது, புதுச்சேரியைச் சேர்ந்த சக வாத்தியார் ஒருவர், “என் வீட்டிலேயே தங்குங்கள்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரியே எனக்கு உதறல் எடுத்தது. அவர் மனைவி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். என் மனைவியோ உரக்கப் பேசுவாள், காலைப் பரப்பிக் குந்துவாள், போகும் வீட்டுக்கு வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு பை நிறையக் கட்டிக்கொள்வாள். அவள் பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு காரணம் இல்லை. இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

எப்படித் தப்பிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்த வாரத்தில், தான் முழுகாமல் இருப்பதாக அவள் சொன்னாள். சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. ஆனால் அதோடு கூடவே ஒரு வழியும் தென்பட்டது. பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் கடலில் இறங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வகுப்பில் இப்படிப்பட்ட சாஸ்திரங்களையெல்லாம் கேலி செய்கிறவன் நான். அன்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

“கடலில் இறங்கினால் குழந்தைக்கு ஆகாதாம். இந்த வருஷம் வேண்டாம்.”

அவள் குனிந்து முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ஏங்க, யாரு எறங்கக் கூடாது?”

“புருஷன்.”

“பொண்டாட்டிக்குத் தடை ஒண்ணும் இல்லியே?”

அப்படி எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை.

“அப்ப நான் எறங்குறேன். நீங்க கரையில குந்திக்கினு உங்க செருப்பக் காவல் காத்துக்கினு இருங்க!” என்று சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு.

குலுங்கும் பஸ் வேண்டாமென்று திருவக்கரையை மட்டும் தாளில் அடித்துவிட்டேன். கிளியனூர் வழியாக மாட்டுவண்டியில் மெதுவாகப் போய்ச் சேர்ந்தோம், மல்லாட்டைப் பையோடு.

நான் பயந்த எதுவும் அந்த வீட்டில் நடக்கவில்லை. வாத்தியாரின் மனைவி பையைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துத் தின்றபடி, “உங்க ஊர்ல மசக்கைக்கு இன்னா குடுப்பாங்க?” என்று கேட்டார். என் மனைவி சொன்ன பதிலில் இருவரும் சிரித்த சத்தம் தெருவுக்கே கேட்டது. திண்டிவனத்திலிருந்து நான் சுமந்து வந்த வெட்கத்தை இறக்கிவைக்க ஓர் இடம் தெரியாமல் நின்றேன்.

மறுநாள் காலை அந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கடலில் இறங்கினாள். முழங்கால் அளவுதான். அலை வரும்போதெல்லாம் ஏதோ கத்தினாள். நான் செருப்புக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தேன். இறங்கி ஓடலாம் என்று கால் துடித்தது. சொன்ன பொய் என்னைக் கட்டிப்போட்டிருந்தது.

எங்களுக்குப் பெண் பிறந்தது. அதன்பின் நாற்பது வருஷம், வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் இதைச் சொன்னாள். “இங்கிலீஷ் படிச்சவருதான். ஆனா புள்ளைக்காகக் கடலத் தொடாம கரையிலயே குந்திக்கினு இருந்தாரு.” ஒவ்வொரு முறையும் நான் தலை குனிந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் போய்விட்டாள்.

ஆனாலும் அந்தக் கடற்கரையை நினைத்தால் மனசு நிறைகிறது. கரையேறும்போது அவள் கூஜா மூடியில் கொஞ்சம் கடல் தண்ணீர் மொண்டு வந்தாள். என் பாதத்தில் ஊற்றினாள்.

“நீங்க ஒண்ணும் எறங்கல. அதுவா வந்துச்சு” என்றாள்.