மடிப்பு மாப்பிள்ளை போன காரணம்

ஓடிப்போனார் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடுகிறவன் பின்பக்கமாகப் போவான், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போவான். என் மாப்பிள்ளை கடை திறந்திருக்கும்போதே முன்வாசல் வழியாக, தெருவே பார்க்கத்தான் போனார். அன்று பார்த்தவர்களே இன்று வேறு மாதிரி பேசுகிறார்கள். எதிர்வீட்டுத் தையல்காரிக்கு அவள் கத்தரிக்கோலை விட நாக்கு நீளம். “வீட்டோட மாப்பிள்ளையா வந்து உட்கார்ந்து சாப்பிட்டாரு. பொண்டாட்டி போனதும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, கிழவியை அம்போன்னு விட்டுட்டுக் கிளம்பிட்டாரு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாளாம்.

சாப்பிட்டது உண்மை. வீட்டில் இருக்கிற மனிதர் வீட்டில்தானே சாப்பிடுவார்? உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் பொய். அவர் பட்டது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்.

எங்களுடையது சலவை நிலையம். கீழே இயந்திரங்கள், மேலே நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறைகள். தங்கும் விடுதிகளிலிருந்து விரிப்பும் துண்டும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வரும். வெளுத்து, காய்ந்து, வாசனையோடு திரும்பிப் போகும். என் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன தொழில். மாப்பிள்ளை முதலில் வேலைக்கு வந்தவர்தான். ஆளுயர விரிப்பைத் தனியாளாக மடிப்பார். ஓரத்தோடு ஓரம் சேர்ந்து கிடக்கும், ஒரு நூல் விலகாது. அதனால் கீழே வேலை செய்யும் பெண்கள் அவருக்கு ‘மடிப்பு’ என்று பெயர் வைத்தார்கள். “மடிப்பு அண்ணன் தூங்கும்போது காலையும் நாலா மடிச்சு வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவாரு” என்று இஸ்திரி போடுகிறவள் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். அவருக்குக் காது சிவந்துவிடும். அந்தச் சிவந்த காதைப் பார்த்துத்தான் என் மகள் அவரைக் கட்டிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

என் பேத்தி குட்டி பிறந்து, உட்காரப் பழகுவதற்குள் என் மகள் கண்ணை மூடிவிட்டாள். அதை நான் விரித்துச் சொல்லப் போவதில்லை.

அதன் பிறகு அந்த மனிதருக்குப் பேச்சு குறைந்தது. கீழே இயந்திரச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. மேலே வந்தால் குட்டியின் தொட்டில் பக்கத்திலேயே நிற்பார். அந்த நாட்களில்தான் குட்டியின் கன்னம் சிவந்தது. முதலில் யாரோ கிள்ளிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு சொரசொரத்தது. பிறகு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்தைச் சுற்றியும் திட்டுத் திட்டாக வந்தது. பிள்ளை தொட்டில் துணியில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து அழும்.

மாப்பிள்ளைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், துவைப்பது. அரித்தால் அழுக்கு இருக்கிறது என்பது எங்கள் தொழில் புத்தி. குட்டியின் சட்டையைத் தனியாகக் கொதிநீரில் போடுவார். பெரிய விடுதியின் துண்டுகளுக்கென்று வைத்திருந்த உசத்தியான வாசனைத் திரவத்தை அதில் ஊற்றுவார். கஞ்சி போட்டு, தானே இஸ்திரியும் போடுவார். பிள்ளையை உட்கார வைத்தால் பூந்தோட்டத்தையே இறக்கி வைத்த மாதிரி கமகமக்கும். சிவப்பு அதிகமானால் இன்னொரு முறை துவைப்பார். துவைக்கத் துவைக்க அதிகமானது.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். இளவயதுப் பெண். குட்டியின் முழங்கையை மடக்கிப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், பிறகு சட்டையை முகர்ந்து பார்த்தார்.

“இவ்வளவு வாசனையா இருக்கே, எதுல துவைக்கிறீங்க?”

“எங்ககிட்ட இருக்கிறதுலேயே நல்லதுலதாங்க” என்றார் மாப்பிள்ளை. பல நாளுக்குப் பிறகு அவர் குரலில் கொஞ்சம் பெருமை கேட்டது. “ஓட்டல் துண்டுக்குப் போடுறது. எத்தனை அலசு அலசினாலும் வாசனை போகாது.”

“அதான் போகலை போலிருக்கு. குழந்தை ஓட்டல் துண்டு இல்லையேங்க.”

மாப்பிள்ளை பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். டாக்டருக்கே சங்கடமாகிவிட்டது. “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்க. இது அழுக்கால வர்றது இல்ல. இவளுக்குப் பிறவியிலேயே வறண்ட தோல். ஈரத்தைப் பிடிச்சு வைக்கத் தெரியாது. நாமதான் ஈரத்தைக் கொடுக்கணும், சீண்டாம இருக்கணும்” என்றார்.

“ஒட்டுமா?” என்று நான் கேட்டேன்.

“யாருக்கும் ஒட்டாதும்மா.”

“அடியோட போயிடுமா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“வளர வளரக் குறையலாம். நடுவுல வரும், போகும். வந்தா பயப்படாதீங்க. போச்சுன்னு மருந்தை மறந்துடாதீங்க.”

அன்றிலிருந்து வீட்டு நடைமுறை மாறியது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி எடுத்துவிட வேண்டும். நுரை பொங்கும் சோப்பு கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த வழவழப்பான ஒன்றுதான். துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். உடம்பில் ஈரம் இருக்கும்போதே கெட்டிக் களிம்பைத் தலை முதல் கால் வரை தடவ வேண்டும். சிவந்த இடத்துக்கு மட்டும் வேறொரு மருந்து, மெல்லிசாக. அந்த மருந்து தோலைத் தின்றுவிடும் என்று தையல்காரி பயமுறுத்தினாள். மாப்பிள்ளை டாக்டரிடமே போய்க் கேட்டார். சொன்ன அளவுக்கு, சொன்ன நாள் வரைக்கும் போட்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். புதுச் சட்டை வாங்கினால் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் சீட்டை அவர் நூல் நூலாகப் பிரித்து எடுப்பார். குட்டியின் நகத்தை அவர்தான் வெட்டுவார். விரிப்பு மடித்த கை அவ்வளவு சின்ன விரலைப் பிடித்து, நகத்துக்கு நகம் ஓரம் சரிபார்க்கும்.

குட்டியின் துணிகளை வாசனை இல்லாத சோப்பில் மேலேயே துவைத்தோம். கன்னம் தெளிந்தது. கால் மடிப்பு ஆறியது. பிள்ளை சிரித்தது. ஆனால் கழுத்தின் ஒரு பக்கமும் அந்தப் பக்கத்துக் கன்னமும் மட்டும் சாயங்காலமானால் சிவக்கும். எந்தப் பக்கம் என்றால், வேலை முடிந்து வந்து மாப்பிள்ளை தோளில் போட்டுக்கொள்ளும்போது பிள்ளை சாய்கிற பக்கம்.

கண்டுபிடித்தவர் அவர்தான். ஒருநாள் தன் சட்டைத் தோளைத் தானே முகர்ந்தபடி நின்றார். “என் மேலதான் இருக்கு, அத்தை” என்றார்.

அதற்குப் பிறகு குளித்து, மாற்றுத்துணி உடுத்தாமல் பிள்ளையைத் தொடமாட்டார். வேலை முடிந்த பிறகு சரி. பகலில் என்ன செய்வது? மூட்டை வந்துகொண்டே இருக்கும்; தடவைக்குத் தடவை குளிக்க முடியுமா? மதியம் மேலே வருவார். நான்காவது படிக்கு மேல் ஏறமாட்டார். அங்கேயே உட்கார்ந்து, தட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். மேலே, தடுப்புக்கு இந்தப் பக்கம் குட்டி நிற்கும். இரண்டு கையையும் நீட்டும். “தூக்கு” என்று ஒரு சொல் அதற்கு வந்திருந்தது. அவர் கன்னத்தை உப்ப வைத்துக் காட்டுவார், கண்ணை உருட்டுவார். அது சிரிக்கும். சிரித்து முடித்ததும் மறுபடியும் கையை நீட்டும். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவார். அப்போது அவர் முதுகைப் பார்த்தது நான்தான். தையல்காரியா பார்த்தாள்?

அவள் பார்த்தது வேறு. “பெத்த பிள்ளையைத் தூக்க மாட்டேங்கிறாரே, ஒட்டிக்கும்னு பயமா?” என்று கேட்டாள். தன் மகனை எங்கள் வாசல் பக்கம் விடவே மாட்டாள்.

“ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இந்தத் தெருவுல ஒட்டுவாரொட்டி உன் வாய் ஒண்ணுதான்” என்றேன். அதோடு ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது. ஆனால் குட்டிக்கு விளையாட யாரும் வரவில்லை. மாப்பிள்ளையோடும் யாரும் நின்று பேசவில்லை. அவரும் நின்று பேசுகிற ஆள் இல்லை.

வெயில் காலம் வந்தது. கீழே நீராவி, மேலே பலகைத் தரை. பலகை இடுக்கு வழியாக வெக்கையும் வாசனையும் சேர்ந்து ஏறும். குட்டிக்கு வேர்த்தது. வேர்த்தால் அரிக்கும், அரித்தால் சொறியும். ஈரத் துணி சுற்றினோம், களிம்பைக் கூடுதலாகப் போட்டோம். ஒரு காலையில் முழங்காலுக்குப் பின்னால் மஞ்சளாக நீர் கட்டி, பொருக்குத் தட்டியிருந்தது. உடம்பு சுட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். புண்ணில் கிருமி சேர்ந்துவிட்டது என்று குடிக்கிற மருந்து கொடுத்தார்.

“உங்களை வேலையை விடச் சொல்லலை. ஆனா வெக்கையும் இந்த வாசனையும் இல்லாத இடத்துல இவளை வெச்சுப் பாருங்க. அந்த அறையில இருக்கிற வரைக்கும் நான் மருந்து எழுதிக்கிட்டேதான் இருக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் நான் கீழே இறங்கி, வாசனைத் திரவத்தின் பீப்பாயை மூடச் சொன்னேன். என் கடை, என் இஷ்டம். வெறும் சோப்பில் வெளுத்து அனுப்பினோம். பனி மாதிரி வெள்ளை. இரண்டே நாளில் விடுதி மேலாளர் மூட்டையோடு வந்து நின்றார்.

“என்னம்மா, துவைச்சீங்களா இல்ல நனைச்சு அனுப்பினீங்களா?”

“கண்ணு இருந்தா பாருங்க. எங்கே அழுக்கு?”

“அழுக்கை யார் பார்க்கிறா? அறைக்குள்ள வர்றவங்க மூக்குக்கு ஒண்ணும் தெரியலைன்னா பழைய விரிப்புன்னு நினைக்கிறாங்க. மத்த விடுதிக்காரங்களும் இதையேதான் சொல்றாங்க. இப்படியே போனா நாங்க வேற இடம் பார்த்துக்கிறோம்.”

“பார்த்துக்கங்க” என்றேன். மேலே ஏறி வந்துவிட்டேன். இஸ்திரி போடுகிறவளும் மற்ற பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுப்பு எரிய வேண்டும். அதை நான் நினைக்கவில்லை. மாப்பிள்ளை நினைத்தார். என்னைக் கேட்காமல் அவரே பீப்பாயைத் திறந்துவிட்டார்.

“யாரைக் கேட்டுத் திறந்தீங்க?” என்று சத்தம் போட்டேன்.

“அவங்க அஞ்சு பேரு, அத்தை. குட்டி ஒருத்தி. குட்டியை வேற இடத்துக்குக் கொண்டுபோகலாம். அவங்களை எங்க கொண்டுபோறது?”

அப்போதே அவர் முடிவு செய்திருந்தார். ஊரின் அந்தக் கோடியில் அவருடைய அக்கா இருந்தாள். பக்கத்திலேயே ஓர் அறை, ஜன்னல் இரண்டு பக்கமும் திறக்கும், கீழே யாரும் துவைப்பதில்லை. பேருந்து நிலையத்தில் பயணிகள் பெட்டியை வைத்துவிட்டுப் போகிற அறையில் வேலை பேசியிருந்தார். பெட்டியை வாங்கி வைப்பது, எண் போட்ட வில்லையைக் காட்டினால் எடுத்துக் கொடுப்பது. மடிக்க ஒன்றும் இல்லாத வேலை.

நான் விடவில்லை. “பிள்ளையை உங்க அக்கா வெச்சுக்கட்டும். நீங்க இங்கேயே இருங்க. ஓய்வு நாள்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. கடை உங்களுக்குத்தானே வரப்போகுது.”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “அப்ப இவளை யாரு தூக்குறது, அத்தை?”

நான் குட்டியின் களிம்பு டப்பாவை எடுத்து மூடி வைத்தேன்.

“நீங்களும் வந்துடுங்க” என்றார். உண்மையாகத்தான் கூப்பிட்டார். அக்காவும் ஆள் அனுப்பினாள். நான் மாட்டேன் என்றேன். கடையை யாரிடம் விடுவது? அதோடு, என் மகள் நடந்த பலகைத் தரை அது. பிடிவாதக்காரி என்பீர்கள். ஆமாம், பிடிவாதக்காரிதான். ஆகவே அம்போவென்று என்னை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. கூப்பிட்டார், நான் போகவில்லை. தையல்காரி அந்தப் பாதியையும் சேர்த்துப் பேசட்டும்.

போகிற நாள் காலையில் குளித்து, வாசனை சேராத துணி உடுத்திக்கொண்டார். குட்டியைக் குளிப்பாட்டி, ஒற்றி எடுத்து, களிம்பு தடவியது நான். காலின் பொருக்கு உதிர்ந்து, அந்த இடம் வெளிறித் தெரிந்தது. ஒரு பையில் களிம்பு, மருந்து, பருத்திச் சட்டைகள். இன்னொன்றில் அவர் துணி. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டார். மற்ற கையில் குட்டி.

இறங்கிப் போக வேண்டிய வழி இயந்திரங்களுக்கு நடுவில்தான். அவர் முதல் படியில் கால் வைத்ததும், யாரும் சொல்லாமலே இஸ்திரி போடுகிறவள் எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டாள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. நீராவி அடங்கி, ஒருவர் மூச்சுவிடுவது மற்றவருக்குக் கேட்டது. பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள், தங்கள் துணி பிள்ளை மேல் பட்டுவிடக் கூடாது என்று. யாரும் கொஞ்சவில்லை. ஒருத்தி மட்டும், “குட்டி, போய்ட்டு வா” என்று கைகாட்டினாள். குட்டி அவளைப் பார்க்கவில்லை. அது அப்பாவின் காதைப் பிடித்து இழுப்பதில் மும்முரமாக இருந்தது.

தையல்காரி தன் வாசலில் நின்றாள். “எங்க கிளம்பிட்டீங்க, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு?”

“வீட்டுக்குங்க” என்றார்.

என்னைப் பார்த்து, “சாப்பிடுங்க அத்தை, சாப்பிடாம இருக்காதீங்க” என்றார். நான் தலையை ஆட்டினேன். குட்டி அவர் கழுத்தில் கன்னத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் தெருவில் இறங்கி நடந்தார், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. திருப்பத்தில் ஒரு வண்டி மறைத்தது. வண்டி போன பிறகு அங்கே யாரும் இல்லை.

உள்ளே பெண்கள் இன்னும் சுவரோடு நின்றுகொண்டிருந்தார்கள். “மெஷினைப் போடுங்கடி” என்றேன்.